தீப்பொறி பிறந்த வரலாறு

பெட்ரோல் எஞ்சினுள் காற்றும் எரிபொருளும் கலந்து நின்றாலும், தக்க நொடியில் தீப்பொறி ஒன்று தோன்றாவிடில் சக்கரம் சுழலாது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் எண்ணற்ற ஊர்திகளுக்கு அப்பொறியை அளித்தது, பட்டறைகளில் ‘பாயிண்ட், காயில்’ எனப்படும் எளிய அமைப்பாகும். அதன் வரலாற்றை ஈண்டு நாம் சுருங்கக் காண்போம்.

இதன் வேர் 1831ஆம் ஆண்டில் உள்ளது. மைக்கேல் ஃபாரடே இங்கிலாந்துக் கொல்லர் ஒருவரின் மகன். பள்ளிக் கல்வி சிறிதே பெற்றவர். புத்தகம் கட்டும் தொழில் பயின்றபோது, கட்டுதற்கு வந்த நூல்களைப் படித்தே அறிவியலுள் நுழைந்தார். ஒரு கம்பிச் சுருளில் மின்னோட்டம் தொடங்கும்போதும் அறும்போதும் மட்டுமே அருகிலுள்ள மறு சுருளில் மின்சாரம் எழுவதை அவர் கண்டறிந்தார்.

இவ்வுண்மையை மோட்டார் வண்டிக்கு ஏற்பச் செம்மையுற அமைத்தவர், அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் 1876இல் உழவர் குடும்பத்தில் பிறந்த சார்லஸ் கெட்டரிங். கண் நோயால் படிப்பை இடையில் நிறுத்தித் தொலைபேசிக் கம்பி அமைக்கும் குழுவில் உழைத்தார். மீண்டும் பயின்று 1904இல் பொறியியல் பட்டம் பெற்றார். டேட்டன் நகரில் நண்பர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் கொட்டகையில் அவர் உருவாக்கிய அமைப்பு 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது.

அது இயங்கும் முறை யாது? பாயிண்ட் மூடியிருக்கையில் பாட்டரியின் 6 அல்லது 12 வோல்ட் மின்சாரம் காயிலின் தடித்த கம்பிச் சுருளில் பாய்ந்து காந்தப்புலத்தை வளர்க்கிறது. எஞ்சினோடு சுழலும் கேம் பாயிண்டைத் திறந்ததும் ஓட்டம் அறுகிறது, காந்தப்புலம் சரிகிறது, ஆயிரக்கணக்கான சுற்றுகளையுடைய மெல்லிய சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார் அதனை உரிய பிளக்கிற்கு அனுப்புகிறது. இங்கே கண்டென்சரை நாம் மறத்தலாகாது. அஃதின்றேல் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியைத் தாவி அதனைக் கருக்கும், ஓட்டம் சட்டென அறாது, பொறியும் நலியும். நான்கு சிலிண்டர், நான்கு ஸ்டிரோக் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடினால், நொடிக்கு 100 முறை இது நிகழவேண்டும்.

இத்துணை உழைப்பினால் பாயிண்ட் தேய்ந்தது. மெக்கானிக்குகள் அதனைச் சுரண்டித் தூய்மை செய்து, ஃபீலர் கேஜ் வைத்து, அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியை மீண்டும் மீண்டும் சரிசெய்தனர். 1970களில் மின்னணு முறை பரவலாயிற்று. காலப்போக்கில் பாயிண்ட் புதிய கார்களினின்று மறைந்தது. ஆயினும் அதன் இடத்திற்கு வந்த டிரான்சிஸ்டரும் செய்வது அதே பணிதான்: உரிய நொடியில் ஓட்டத்தை அறுத்தல்.

இளைஞர்களே! பாயிண்டைச் சுரண்ட மட்டும் கற்றவரின் தொழில் பாயிண்டோடு முடிந்தது. பொறி ஏன் எழுகிறது என்பதையும் கற்றவர் புதிய எஞ்சினையும் துணிந்து திறந்தார். கைத்தொழிலோடு அதன் காரணத்தையும் நாம் கற்போமாக.