ஜார்ஜ்டவுன் வாக்கு: இனக் கணக்கும் நகரக் கணக்கும்

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் அரசியல் சாய்வை ஆராய்வோர் பலர், சீனர் மிகுந்த நகரம், ஆகவே எதிர்க்கட்சி நகரம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். இனக் கணக்கு பொய்யன்று. ஆனால் எழுபது ஆண்டு வாக்குப் பதிவை விளக்க அது போதாது. தன் தெருவையும் துறைமுகத்தையும் அறிந்தவர் ஆள வேண்டும் என்பதே இந்நகர வாக்காளரின் நிலையான கோரிக்கை. அதைச் சொல்வதற்கென்றே இருந்த நகராட்சித் தேர்தல் பறிக்கப்பட்டதால்தான் அவர் வாக்கு வெளியாருக்குக் குழப்பமாகத் தெரிகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1 அன்று இங்குதான் நடந்தது. ஒன்பது இடங்களில் ஆறை வென்றது உள்ளூர்க் கட்சியான ரேடிக்கல் கட்சி. 1957 ஜனவரி 1 அன்று ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது முதல் மேயரானவர் தொழிலாளர் கட்சியின் டி. எஸ். இராமநாதன். தமிழர் வாக்கை மட்டும் நம்பி மாநகர் மன்றத்தைப் பிடிக்க எந்தக் கட்சிக்கும் வழியிருக்கவில்லை. சீனர் பெரும்பான்மையாக இருந்த நகரில் ஒரு தமிழர் மேயரானதற்கு வர்க்க அரசியல் இடம் கொடுத்தது. மலேசியத் தமிழர் வரலாற்றில் இதற்குரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டன. மறு ஆண்டு மாநகர் மன்றத்தின் அதிகாரம் முதலமைச்சர் கைக்குச் சென்றது. செனட்டர் அத்தி நாகப்பன் தலைமையிலான அரச ஆணையம் தேர்தலை மீட்கப் பரிந்துரைத்தும் பயனில்லை. 1976ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன்பின் மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. சாக்கடை, அங்காடிக் கடை உரிமம், மதிப்பீட்டு வரி ஆகியவை பற்றிய கோபமும் சட்டமன்ற வாக்கிலேயே இறங்க வேண்டியதாயிற்று.

இப்படித் திரும்பிய வாக்கின் தடத்தைத் தேர்தல் முடிவுகளில் காணலாம். சுங்கமற்ற துறைமுகச் சலுகை கைநழுவி, வேலையின்மை பெருகிய 1969இல், தொழிலாளர் கட்சி தேர்தலைப் புறக்கணித்தது. பினாங்கைத் தளமாகக் கொண்டு எழுந்த கெராக்கான் கட்சி 24 சட்டமன்ற இடங்களில் 16ஐ வென்றது. டத்தோ கிராமாட் நாடாளுமன்றத் தொகுதியில் அக்கட்சியின் வேட்பாளராக வென்றவர் தொழிற்சங்கத் தலைவர் வி. டேவிட். பின்னர் கெராக்கான் கூட்டரசை ஆண்ட தேசிய முன்னணியில் சேர்ந்தபோதும் நகரம் அதை உடனே கைவிடவில்லை. 1990இல், 21 ஆண்டு முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூவை பாடாங் கோத்தாவில் எதிர்க்கட்சியான ஜனநாயக செயல் கட்சியின் (ஜசெக) லிம் கிட் சியாங் தோற்கடித்தார். ஐந்தே ஆண்டில், 33 சட்டமன்ற இடங்களில் ஜசெகவுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. ஆனால் அதே நாளில் தஞ்சோங் தொகுதி லிம் கிட் சியாங்கையும், ஜெலுத்தோங் அதே கட்சியின் கர்ப்பால் சிங்கையும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பின. இனமே வாக்கைத் தீர்மானிக்கிறது என்றால், ஒரே மக்கள் ஒரே நாளில் இரண்டு சீட்டுகளில் இரண்டு முடிவு எழுதியதை எப்படி விளக்குவது? மாநிலத்தை ஆள ஊரறிந்த கட்சி, கோலாலம்பூரைத் தட்டிக் கேட்க உரத்த குரல் என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள் என்பதே என் வாசிப்பு.

2008 மார்ச் 8 அன்று வாக்கைப் பிரிக்கும் இந்த வழக்கம் உடைந்தது. 40 சட்டமன்ற இடங்களில் 29 எதிரணிக்குச் சென்றன. முந்தைய நவம்பரில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் பேரணி மூட்டிய கனல் தமிழர் வாக்கில் தெரிந்தது. முதலமைச்சர் கோ சூ கூனை பத்து காவானில் தோற்கடித்த பி. இராமசாமி துணை முதலமைச்சரானார். மறு ஆண்டே கம்போங் புவா பாலாவில் தமிழர் வீடுகள் இடிக்கப்பட்டன. அந்நிலம் கைமாறியது முந்தைய ஆட்சியில் என்றாலும், வலி புதிய ஆட்சியின் கண்முன் நடந்தது. அப்படியும் 2013இல் அதே அணி 30 இடங்களைப் பெற்றது.

இனம் பொருட்டே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2023இல் பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி 11 இடங்களை வென்றது. மலாய் வாக்கின் திருப்பமே அதன் முதன்மைக் காரணம். போட்டியிட்ட 19 இடங்களையும் ஜசெக தக்கவைத்தது. இவ்வாறு இறுகிப்போன பாதுகாப்பான தொகுதிகளில்தான் மக்கள் குரல் மங்கும் என்பது என் அச்சம். மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கான தமிழர் உள்ளிட்ட இந்தியர், கட்சி கொடுக்கும் வேட்பாளர் இடத்துக்கும் நியமனத்துக்கும் காத்திருக்கின்றனர். இராமநாதனின் தலைமுறைக்கு அந்தக் காத்திருப்பு மட்டுமே கதியாக இருக்கவில்லை.

உள்ளாட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு மாநிலம் 2012இல் தானே சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எனவே 15ஆம் பிரிவை நீக்க வேண்டியது நாடாளுமன்றம். இனக் கலவரம் வரும் என்று அஞ்சுவோர் 1951 முதல் 1963 வரை இந்நகரில் நடந்த தேர்தல்களைப் படித்துப் பார்க்க வேண்டும். பினாங்கிலிருந்து செல்லும் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினரிடமும் தமிழ் வாக்காளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: 15ஆம் பிரிவை நீக்க நீங்கள் கை தூக்குவீர்களா?