'நோ சிக்னல்' வந்தா டிவியை மாத்தணுமா? முதல்ல குனோங் ஜெராய் எந்தப் பக்கம்னு பாருங்க

தீபாவளிக்கு கெடா பக்கம் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கீங்க. டிவி 2-இல் தமிழ்ச் செய்தி ஆரம்பிக்கும் நேரம். படம் கட்டம் கட்டமாக உடைகிறது, குரல் விட்டு விட்டு வருகிறது, பிறகு கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்'. "டிவி போச்சுப்பா, புதுசு வாங்கணும்" என்கிறார் பாட்டி.

கொஞ்சம் பொறுங்க. பெரும்பாலும் டிவி கெட்டுப்போயிருக்காது. மலைமேல் இருக்கும் கோபுரத்துக்கும் டிவியின் பின்னால் இருக்கும் துளைக்கும் நடுவில் எங்கேயோதான் பிரச்சினை. அது எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் சில நூறு ரிங்கிட் மிச்சம்.

இந்தச் சேவை எங்கிருந்து வருது?

மலேசியாவின் இலவச டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்புக்குப் பெயர் மைஃப்ரீவியூ. இதற்கு மாதக் கட்டணம் கிடையாது, இணையமும் தேவையில்லை. டிவி 1 அலைவரிசை 101-இலும் டிவி 2 அலைவரிசை 102-இலும் வருகின்றன. பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 ஜூலை 21 அன்று முதலில் லங்காவியில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் அனலாக் முடிவுக்கு வந்தது.

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உயரமான இடத்தில் ஒரு முக்கிய ஒளிபரப்புக் கோபுரம் இருக்கும். கெடா, பெர்லிஸ், பினாங்கு வட்டாரத்துக்கு அது குனோங் ஜெராய். அதன் உயரம் 1,200 மீட்டருக்கும் மேல். அந்த உயரத்திலிருந்து, நடுவில் தடை எதுவும் இல்லையென்றால், தொடுவானம் 120 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும். ஒரே மலையிலிருந்து இவ்வளவு பெரிய வட்டாரத்துக்கு ஒளிபரப்ப முடிவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் டிவி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், வெளிச்சம் மாதிரி. நடுவில் குன்று இருந்தால் அதன் பின்னால் நிழல் விழும். பினாங்குத் தீவின் பாலேக் பூலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெராய்க்கும் அந்த ஊருக்கும் நடுவில் கொடிமலை நிற்கிறது. பாலிங், சிக் பக்கம் உள்ள பள்ளத்தாக்குகளுக்கும் இதே கதைதான். இந்த மாதிரி நிழல் பகுதிகளுக்காகவே சின்னச் சின்ன துணைக் கோபுரங்கள் அமைக்கப்படுகின்றன. அங்கே வசிப்பவர்கள் பெரிய மலையைப் பார்த்து ஏரியலைத் திருப்பினால் பயனில்லை, துணைக் கோபுரம் இருக்கும் பக்கம்தான் திருப்ப வேண்டும்.

அந்தக் காலத்துல புள்ளி புள்ளியா தெரியும், இப்போ ஏன் ஒன்னுமே தெரியல?

அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறைய படத்தில் புள்ளிகள் கூடும். மோசமாக இருந்தாலும் யார் பேசுகிறார் என்றாவது தெரியும். டிஜிட்டலில் படமும் ஒலியும் எண்களாக மாற்றி அனுப்பப்படுகின்றன. வழியில் சில எண்கள் கெட்டுப்போனாலும் டிகோடரே கணக்குப் போட்டுச் சரி செய்துவிடும். அதனால்தான் சுமாரான சிக்னலிலும் படம் பளிச்சென்று இருக்கிறது.

ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. பிழைகள் அந்த எல்லையைத் தாண்டியதும் டிகோடரால் சமாளிக்க முடியாது. படம் உடையும், உறையும், அப்புறம் மறைந்துவிடும். பாறை விளிம்பில் நடப்பது போல: கடைசி அடிவரை தரை இருக்கும், அடுத்த அடியில் இருக்காது. அதனால் "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பாட்டி சொல்வது உண்மைதான். நேற்று விளிம்புக்கு இந்தப் பக்கம், இன்று அந்தப் பக்கம்.

மழை பெய்தா போயிடுமா?

சாட்டிலைட் டிஷ் மழையில் தடுமாறுவதைப் பார்த்திருப்பீங்க. தரைவழி ஒளிபரப்பு அதைவிட மிகக் குறைந்த அலைவரிசையில், யு.எச்.எஃப் பகுதியில் வருகிறது. மழைத்துளிகள் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மழைக்குப் பிறகு டிவி தெரியவில்லை என்றால் வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். காற்றில் ஏரியல் திரும்பியிருக்கலாம். கேபிள் இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஏரியலுக்கு முன்னால் மரம் வளர்ந்து, ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சலாம்.

என்ன செய்யணும்? இந்த வரிசையில பாருங்க

1. இணைப்பு: டிவி சரியான இன்புட்டில் இருக்கிறதா? ஏரியல் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா? விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் கேம் கன்சோல் மாட்ட கேபிளைக் கழற்றியிருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும்.

2. மறுபடியும் ஸ்கேன்: அலைவரிசை ஒதுக்கீடு மாறும்போது டிகோடர் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். மெனுவில் 'ஆட்டோ ஸ்கேன்' செய்தால் புதிதாகப் பட்டியல் போடும். ஆனால் சிக்னலே இல்லாத நேரத்தில் இதைச் செய்தால் இருக்கும் பட்டியலும் அழிந்துபோகலாம். அதனால் இணைப்பைச் சரிபார்த்த பிறகே செய்யுங்கள்.

3. ஏரியலுக்கு மின்சாரம்: வீட்டுக்குள் வைக்கும் சில ஏரியல்களில் சிக்னலைப் பெருக்கும் கருவி இருக்கும். அதற்கு டிகோடரிலிருந்து 5 வோல்ட் போக வேண்டும். மெனுவில் 'ஆன்டெனா பவர்' என்று இருந்தால் அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பலர் தவறவிடும் இடம் இது.

4. திசை: போனில் மேப்பைத் திறந்து ஜெராய் மலையைத் தேடுங்கள். சுங்கை பட்டாணி, கூலிம், ஜார்ஜ்டவுன் வீடுகளில் ஏரியல் ஏறக்குறைய வடக்கே பார்க்கணும். அலோர் ஸ்டாரில் தெற்கே. ஒரே மலைதான், ஊருக்கு ஊர் திசை மாறும். பக்கத்து வீட்டில் படம் நன்றாகத் தெரிந்தால், அவர்களுடைய ஏரியல் எந்தப் பக்கம் பார்க்கிறது, கம்பிகள் படுத்திருக்கின்றனவா நிற்கின்றனவா என்று பார்த்து அதே மாதிரி வையுங்கள்.

5. 'குவாலிட்டி' அளவு: டிகோடர் மெனுவில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று சிக்னலின் பலம், இன்னொன்று அதன் தரம். ஏரியலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் சில விநாடி காத்திருந்து, தரம் கூடுகிறதா என்று பாருங்கள். பலம் அதிகமாக இருந்தும் தரம் குறைவாக இருந்தால் படம் வராது.

6. பிரிப்பான்: ஒரே ஏரியலிலிருந்து இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பாதிக்கும் குறைவான சிக்னல்தான் போகும். பிரிப்பானைக் கழற்றி ஒரு டிவிக்கு மட்டும் நேரடியாகக் கொடுத்துப் பாருங்கள்.

பூஸ்டர் வாங்கினா சரியாயிடுமா?

எப்போதும் இல்லை. பூஸ்டர் சிக்னலைப் பெருக்கும்போது கூடவே இரைச்சலையும் பெருக்கும். மலை நிழலில் இருக்கும் வீட்டில் அதனால் பெரிய பலன் இருக்காது. குரூண் மாதிரி கோபுரத்துக்குக் கிட்டே இருக்கும் இடங்களில் சிக்னல் அளவுக்கு மீறிப்போய், வந்த படமும் கெடலாம். நீளமான கேபிளில் ஏற்படும் இழப்பை ஈடுகட்டத்தான் பூஸ்டர் உதவும். பூஸ்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு ஏரியலை உயர்த்திப் பாருங்கள். ஜன்னலோரம் வைப்பதே சில வீடுகளில் போதும்.

ஸ்மார்ட் டிவி இருந்தா டிகோடர் வேண்டாமா?

ஸ்மார்ட் என்றால் இணையம் வரும் என்றுதான் அர்த்தம். மைஃப்ரீவியூ பார்க்க டிவிக்குள் 'டிவிபி-டி2' என்ற ட்யூனர் இருக்க வேண்டும். பழைய டிவிகளில் 'டிவிபி-டி' மட்டும் இருந்தால் போதாது. கடையில் வாங்கும்போதே கேளுங்கள். பழைய டிவியாக இருந்தாலும் டிகோடர் ஒன்று மாட்டினால் போதும், டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை.

போன்லயே பார்க்கலாமே, எதுக்கு இவ்வளவு சிரமம்?

நீங்க பார்க்கலாம். ஆர்டிஎம் கிளிக் இருக்கிறது. ஆனால் டேட்டா வாங்காத, ஆப் திறக்கத் தெரியாத பாட்டிக்கு ரிமோட்டில் 102 அழுத்துவதுதான் செய்தி. வெள்ள நேரத்தில் இன்னொரு வித்தியாசமும் தெரியும். எல்லாரும் ஒரே சமயத்தில் போனை எடுத்தால் மொபைல் இணையம் நெரிசலாகும். ஒளிபரப்பில் அந்தப் பிரச்சினை இல்லை. பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கோபுரம் அனுப்புவது ஒரே சிக்னல்தான்.

இத்தனையும் செய்தும் வரவில்லையா? மைஃப்ரீவியூ சேவையைத் தொடர்புகொண்டு உங்கள் முகவரிக்குச் சிக்னல் எட்டுகிறதா என்று கேளுங்கள். எட்டாத இடமென்றால் ஏரியலுக்கு மேல் ஏரியலாக வாங்காதீர்கள். மாதக் கட்டணம் இல்லாத சாட்டிலைட் சேவை ஒரு மாற்று வழி.

கடைசியாக ஒன்று: கூரைமேல் வேலை என்றால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் ஏரியல் பக்கமே போகாதீர்கள், கேபிளையும் தொடாதீர்கள்.