சுல்தானாவின் கனவும் பேகம்புராவும்

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் கேட்டார்: “காலநிலை மாற்றம் பற்றி எதைப் படிச்சாலும் பயம்தான் வருது அக்கா. நம்பிக்கை தர்ற கதையே இல்லையா?” பக்கத்தில் இருந்த தம்பி ஃபோனில் சில படங்களைக் காட்டினார். கொடி படர்ந்த அடுக்குமாடிகள், கூரையெங்கும் சோலார் பேனல்கள், தெளிந்த ஆறு, சிரிக்கும் மனிதர்கள். இந்தக் கலைக்கு ‘சோலார்பங்க்’ என்று பெயர். படங்கள் அழகாகத்தான் இருந்தன. எனக்கு உடனே தோன்றிய கேள்வி இதுதான்: அந்த ஊரில் சாக்கடை அடைத்துக்கொண்டால் யார் இறங்குவார்கள்?

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே இதன் வரலாற்றைப் பார்க்கலாம். 2008இல் ஒரு வலைப்பதிவில் இந்தச் சொல் வந்தது. 2012இல் பிரேசிலில் போர்த்துகீசிய மொழியில் இதே பெயரில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வெளியானது. 2014க்குப் பிறகு இணையத்தில் ஓவியங்களும் அறிக்கைகளும் பரவின. உலகம் அழிவதை மட்டுமே காட்டும் கதைகளுக்கு மாற்றாக, எரிபொருள் எரிக்காத, கூட்டாக வாழும் ஒரு நாளையைக் காட்டுவதுதான் இதன் நோக்கம். ஆனால் இந்தக் கனவுக்கு வயது பதினைந்து, இருபது ஆண்டுகள்தான் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

1905இல் நம் மெட்ராஸிலிருந்து ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ என்ற ஆங்கிலப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. 1901இல் அதைத் தொடங்கி நடத்தியவர் கமலா சத்தியநாதன். அதில் வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ‘சுல்தானாவின் கனவு’ என்ற கதையை எழுதினார். பர்தாவுக்குள் வளர்ந்த, பள்ளிக்கூடத்துக்கே போகாத பெண் அவர். கதையில் வரும் பெண்கள் நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் மேகத்திலிருந்து நேரடியாக நீரை எடுக்கிறது. இன்னொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவியைக் கண்டுபிடிக்கிறது. ஆயுதம் சேர்த்துக்கொண்டிருந்த ஆண்கள் இதைக் கேலி செய்கிறார்கள். எதிரி படையெடுத்து அந்த ஆண்களெல்லாம் தோற்றுவிட்டபோது, அதே சூரிய வெப்பத்தைக் குவித்துப் பெண்கள் நாட்டைக் காப்பாற்றுகிறார்கள். அடுப்படியில் புகை இல்லை, கரி இல்லை, சமையலும் வெயிலில்தான். சோலார்பங்க் என்ற சொல் பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படி ஒரு கதை!

ரொக்கேயா எழுதியதோடு நிற்கவில்லை. 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கினார். கனவு காண்பதையும் களத்தில் இறங்குவதையும் அவர் தனித்தனி வேலையாகப் பார்க்கவில்லை. ஆனாலும் அவருடைய அந்த நாட்டிலும் மலம் அள்ளுவது யார் என்ற பேச்சு வரவில்லை. அவர் ஆணாதிக்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தார். சாதியைத் தொடவில்லை.

சாதியைத் தொட்ட கனவு அதற்கும் பல நூற்றாண்டு முந்தையது. காசியில் தோல் வேலை செய்த குடும்பத்தில் பிறந்த ரவிதாஸ், ‘பேகம்புரா’ என்ற ஊரைப் பாடினார். துயரம் இல்லாத ஊர் என்று பொருள். அங்கே வரி இல்லை, பயம் இல்லை, இரண்டாம் தரம் மூன்றாம் தரம் என்று மனிதர்கள் இல்லை. யாரும் எங்கும் நடக்கலாம். அந்தப் பாடல் சீக்கியர்களின் புனித நூலில் இன்றும் இருக்கிறது. இதில் இயந்திரமோ சூரியசக்தியோ எதுவும் இல்லை. நடக்கும் உரிமைதான் இருக்கிறது. 1927இல் அம்பேத்கர் தலைமையில் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கனவு என்று தெரியும். நமக்குச் சுற்றுச்சூழல் என்றால் முதலில் அந்தக் குளம், அந்தத் தெரு, அந்த நிலம்.

இப்போது நிஜமாகவே கட்டப்பட்ட ஒரு சூரியப் பூங்காவுக்கு வருவோம். கர்நாடகத்தில் தும்கூரு மாவட்டம் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சோலார் பூங்கா இருக்கிறது. வறண்ட பூமி என்பதால், விவசாயிகளிடம் நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். நிலம் வைத்திருந்தவர்களுக்கு ஆண்டுதோறும் வாடகை வருகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலத்தில் களையெடுத்து, ஆடு மேய்த்துப் பிழைத்த நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு வாடகை எங்கிருந்து வரும்? பட்டா இல்லாதவருக்குக் குத்தகைப் பணம் கிடையாது. கூலி வேலையும் போனது. புகையில்லாத மின்சாரம் வந்தது. நிலத்தில் இருந்த சாதிக் கணக்கு அப்படியே இருந்தது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பஞ்சாபைப் பாருங்கள். ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பட்டியல் சாதியினருக்குத்தான் குத்தகைக்கு விட வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. பல ஊர்களில் ஆதிக்க சாதியினர் பினாமி பெயரில் அதை எடுத்துவந்தார்கள். சங்ரூர் பகுதியில் தலித்துகள், குறிப்பாகப் பெண்கள், நில மீட்புப் போராட்டக் குழுவாகத் திரண்டு அந்தப் பங்கைக் கேட்டுப் பெற்றார்கள். சில ஊர்களில் கூட்டுப் பண்ணையாகப் பயிரிடுகிறார்கள். மாட்டுக்குப் புல் அறுக்க ஆதிக்க சாதியினர் வயலுக்குப் போய் வசவும் சீண்டலும் வாங்கிய நிலை அங்கே மாறியது. 2025 மே மாதத்தில், அரச குடும்பத்தின் பெயரில் இருந்த பெரும் நிலத்தில் ‘பேகம்புரா’ அமைக்கப்போகிறோம் என்று கிளம்பியவர்களைக் காவல்துறை தடுத்துப் பிடித்துச் சென்றது. பல நூற்றாண்டுப் பழைய பாட்டு இன்னும் அரசைப் பயமுறுத்துகிறது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான். நம்பிக்கை தரும் கதை இருக்கிறது, அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. சூரியசக்தி வேண்டாம் என்று நாம் சொல்லக் கூடாது. வெயிலிலும் வெள்ளத்திலும் முதலில் மாட்டுவது நம் ஆட்கள்தான். ஆனால் எதிர்காலத்தை வரையும்போது பேனலை மட்டும் வரையாதீர்கள். அது நிற்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது, அந்த மின்சாரத்தின் காசு யாருக்குப் போகிறது, அந்த ஊரின் கழிவை யார் கை தொடுகிறது என்பதையும் வரையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு எல்லோரும் தங்கள் சேரியின் 2050ஐ ஒரு பக்கத்தில் எழுதி வரட்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். நீங்களும் எழுதுங்கள். எழுதும் முன் ஒருமுறை கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், உங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு, இப்போது யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாருங்கள். கதை அங்கிருந்து தொடங்கட்டும்.

ஜெய்பீம்.