பழி

'பழித்தல்' என்ற வினையிலிருந்து வந்த பெயர். மலையாளத்திலும் பழிதான், கன்னடத்தில் ஹளி. அடிப்படைப் பொருள் நிந்தை, குற்றச்சொல். குறளில் பெரும்பாலும் இந்தப் பொருளே. பிறகு துணைக்கு வரும் வினை சொல்லைத் திருப்பிவிடுகிறது: சுமத்தினால் குற்றச்சாட்டு, ஏற்றால் பொறுப்பு, வாங்கினால் வஞ்சம் தீர்த்தல். வாங்குவது என்றாலே யாரோ கடன்பட்டிருக்கிறார் என்று ஆகிறது. அந்தக் கடனைத் தள்ளுவதுதான் மன்னிப்பு.

இலங்கை மலையகத்து நோட்டன் பிரிட்ஜில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் "அந்தப் பழிபாவம் நமக்கு வேணாம்" என்றால் அங்கே பழி வினைப்பயன், பாவத்தின் கூடப்பிறந்தது.

அதே மலையகத்தில் 1941இல் புப்புரஸ்ஸ ஸ்டெலன்பர்க் தோட்டத்து மேலாளரான துரை போப் கொல்லப்பட்டார். அதற்காக வீராசாமி, வேலாயுதம் என்ற தொழிலாளர் இருவர் 1942இல் தூக்கிலிடப்பட்டனர். துரையைக் கொன்றது பழிவாங்கல் என்போம். இவர்களைத் தூக்கிலிட்டதற்குப் பெயர் தண்டனை. கடனைத் தீர்க்கும் கணக்கு இரண்டிலும் உண்டு. நடுவில் நீதிமன்றம் இருந்ததால் சொல் மாறிற்று. அந்த வேறுபாடு சிறிதல்ல. ஆனால் தூக்குமேடையை அது முழுதாக மறைத்துவிடாது.

கருணை இதில் எங்கே? இலங்கையில் 1976க்குப் பின் யாரையும் தூக்கிலிடவில்லை. மரண தண்டனை மட்டும் இன்றும் விதிக்கப்படுகிறது. சிறையில் காத்திருப்பவருக்கு இந்தக் காத்திருப்பு மன்னிப்பும் இல்லை, பழியும் இல்லை. அந்த நிலைக்குத் தமிழில் இன்னும் ஒரு சொல் அமையவில்லை.