திண்ணைத் தலைமேடு

எங்கள் ஊர் மணப்பாறைப் பக்கம். சித்திரை பிறந்தால் தாத்தாவின் படுக்கை உள்ளறையிலிருந்து தெருத்திண்ணைக்கு வந்துவிடும். திண்ணையின் ஒரு முனையில் தலையணை போலவே சுண்ணாம்புக் காரையில் மேடு கட்டியிருந்தார்கள். பக்கத்தில் பனையோலை விசிறி, வெட்டிவேர் போட்ட மண்பானை. காலையில் சின்ன வெங்காயத்தோடு நீராகாரம்.

தண்ணீர்ப் பந்தலுக்கு நிலம் விட்ட செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் உண்டு. அது வழிப்போக்கருக்கான தர்மம். வீட்டுக் கிழவரைக் காத்ததற்குக் கல்வெட்டு ஏது? திண்ணைதான் இருந்தது.

நிழல் மட்டுமில்லை, தெருவின் கண்ணும் அவர்மேல் இருந்தது. வயதானால் தாகம் மங்கும், வியர்வை குறையும். உடம்பு கொதிப்பது தனக்கே உறைக்காது. மோர்க்காரம்மா கடந்துபோகும்போது, "என்னங்கய்யா, சத்தத்தையே காணோம்?" என்பாள். பதில் குழறினால் பாட்டி ஈரத்துண்டோடு ஓடிவருவாள்.

பிறகு சாலையை உயர்த்தினார்கள். திண்ணை பள்ளத்துக்குப் போயிற்று. அப்பா அதை இடித்துக் கடைக்கு ஷட்டர் போட்டார். (வாடகை வந்தது, குறை சொல்ல எனக்கு வாயில்லை.) தாத்தா மாடியறைக்குப் போனார். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரியில் சூட்டைக் கக்கும். மின்விசிறி அதையே அவர்மேல் இறைக்கும். கூப்பிட்டால் கீழே கேட்காது.

இந்தச் சூடு எங்கள் மாடியறையோடு நிற்கவில்லை. 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024இல்தான். அதில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம்.

அந்தத் தலைமேடு உடையாமல் கொல்லையில் கிடக்கிறது. அம்மா அதில் துணி துவைக்கிறாள்.