பாட்டிமார் அணிந்த பவுன்



கல்யாணத்துக்குப் பழைய மாதிரி நகைதான் வேண்டும் என்று கிள்ளான் கடைத்தெருவுக்குப் போகும் பெண்கள் இன்று அதிகம். மெருகு மங்கிய பதக்கத்தையும் காசுமாலையையும் 'ஆன்டிக்' என்று எடுத்துக் காட்டுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை அண்மையில் செய்தவை. நிறம் மட்டுமே பழையது. அப்படியானால் நம் பாட்டிமார் அணிந்த உண்மையான பழைய நகைகள் எங்கே போயின? கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்களின் வரலாறே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது.

முதலில் பவுனைப் பார்ப்போம். நாம் இன்று 8 கிராமைப் பவுன் என்கிறோம். அந்தப் பெயர் இங்கிலாந்தின் பொன் நாணயத்திலிருந்து வந்தது. அதன் எடை 7.98 கிராம், 22 காரட். 1920-களின் இறுதியில் சிலாங்கூர் கடற்கரைத் தோட்டங்களில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. ஒரு பவுனின் மதிப்போ ஏறத்தாழ 8 வெள்ளி 57 காசு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பால் மரம் வெட்டிய ஒரு பெண், அரிசி பருப்புக்குக்கூடச் செலவழிக்காமல், 21 நாளுக்கு மேல் கூலியைச் சேர்த்தால்தான் ஒரு பவுன்! அப்படியும் சேர்த்தார்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். சொந்த நிலமும் கிடையாது. தோட்டம் மாறும்போது காதோடும் கழுத்தோடும் கூடவே வந்த சொத்து நகை ஒன்றுதான்.

மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் தண்டட்டியும் பாம்படமும் அணிந்தார்கள். காது தோள்வரை தொங்கும். பார்வைக்குக் கனமான இந்த நகைகளில் உள்ளே அரக்கும் மேலே தங்கத் தகடும் இருக்கும். அடுத்த தலைமுறைப் பெண்கள் நீண்ட காதுக்கு வெட்கப்பட்டுத் தைத்துக்கொண்டார்கள். பாம்படம் உருகித் தோடாகவும் சங்கிலியாகவும் ஆயிற்று. இதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளின் கழுத்துக்குத்தானே போயிற்று?

மற்ற நகைகள் அப்படிப் போகவில்லை. ரப்பர் விலை சரிந்த 1930-இல் கூலியில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினார்கள். வேலை இழந்தவர்கள் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வீட்டு நகை அடகுக்கும் விற்பனைக்கும் போனது.

அதைவிடக் கொடியது ஜப்பான் காலம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்ற அந்த ஆண்டுகளில், நகையை விற்றவர்கள் கையில் கிடைத்தது வாழைமர நோட்டு. 1945-இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அந்த நோட்டு வெறும் காகிதமாயிற்று. இருபது நாள், முப்பது நாள் உழைப்பு ஒரே நாளில் மறைந்தது.

மனமுவந்து கொடுத்தவர்களும் உண்டு. 1943-இல் நேதாஜி கோலாலம்பூரில் பேசியபோது, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட இளம்பெண் தம் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்தார். தோட்டத்துப் பெண்களும் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கானோர் தமிழகம் திரும்பினார்கள். அவர்களோடு கொஞ்சம் நகையும் கப்பலேறியது.

ஆகவே உங்கள் வீட்டில் ஒரு பழைய நகை எஞ்சியிருந்தால், அது பல கண்டங்களைத் தாண்டி வந்தது. புதிய நகைக்கு மாற்றுமுன் சற்றுப் பொறுங்கள். அதில் 916 முத்திரை இராது. உரைகல்லில் உரசித்தான் மாற்றுப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர்களும் மொத்த எடையைத் தங்கத்தின் எடை என்று நம்பிவிடக் கூடாது. அரக்கு எவ்வளவு, கல் எவ்வளவு, பற்றவைத்த பொடி எவ்வளவு என்று கேளுங்கள். பவுன் நாணயத்தில் வளையம் பற்றவைத்திருந்தால், நாணயம் சேகரிப்பவர் குறைந்த விலையே தருவார்.

அரக்கு வைத்த நகையை வெந்நீரில் போடாதீர்கள். அரக்கு இளகித் தகடு நசுங்கிவிடும். மெல்லிய துணியால் துடைத்து, எந்தப் பாட்டி, எந்தத் தோட்டத்தில் அணிந்தது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அதே டப்பாவில் வையுங்கள்.