முழந்தாட்படி

கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் ‘முழந்தாட்படியிட்டு’, புராட்டஸ்டண்டு பைபிளில் ‘முழங்காற்படியிட்டு’. இந்தப் ‘படி’ படிதலைச் சேர்ந்தது என்றே நான் கொள்கிறேன். முழங்கால் தரையில் படிவது. காதுக்கோ அது மாடிப்படியின் படி; பலகை ஒன்று கண்ணில் தெரிகிறது.

பலகைக்கு நம்மிடம் தனிப்பெயர் ஊன்றவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். போர்த்துக்கீசியர் மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் தந்தார்கள். பீடத்துக்கு முன்னிருந்த கிராதியும் அவர்கள் சொல்லே. பிரெஞ்சுக்காரன் ‘ஆண்டவனை வேண்டு’ என்ற கட்டளையையே ‘ப்ரீதியு’ என்று சாமானுக்குப் பெயராக்கினான். ஆங்கிலேயனின் ‘ஹாஸக்’ முதலில் புதராக மண்டிய முரட்டுப்புல். பிறகுதான் முழங்காலுக்கு மெத்தை. நம் கிராமத்துச் சபை தரையில் உட்கார்ந்தது. பலகை சாமியாருக்கும், கல்யாணத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்கும். அன்றாடம் புழங்காத சாமானுக்குப் பெயர் எதற்கு?

இன்னொரு காரணமும் உண்டு. கோம்பையிலிருந்து பஸ் பிடித்தால் உத்தமபாளையத்தில் பள்ளிவாசல். ராயப்பன்பட்டியிலும் அனுமந்தன்பட்டியிலும் மாதா கோயில்கள். பெருமாள் கோயில் கோம்பையிலேயே. தொழுகிறவனுக்கு முசல்லா போதும், நெற்றி தரையைத் தொடுகிறது. சாஷ்டாங்கமாக விழுகிறவனுக்கு அதுவும் வேண்டாம். பாதியில் நிற்கிற உடம்புக்குத்தான் மரச்சாமான் தேவை.

1969 ஏப்ரல் 25 அன்று ரோமாபுரி இந்தியத் திருச்சபைக்குப் பன்னிரண்டு மாறுதல்களை அனுமதித்தது. பூசையில் தரையில் உட்காரலாம். முழங்காலை மடக்குவதற்குப் பதில் கைகூப்பிக் குனியலாம். பஞ்சாங்க நமஸ்காரம் செய்யலாம். இந்துமயம் என்று ஆட்சேபம் எழுந்தது. கோயில் வழக்கில் ஆணுக்குச் சாஷ்டாங்கம், பெண்ணுக்குப் பஞ்சாங்கம் என்பதை ஆட்சேபித்தவர்கள் கவனித்தார்களோ என்னவோ. தரையில் உட்கார அனுமதி தந்ததும் வேடிக்கைதான். நம் ஜனங்கள் அனுமதியா கேட்டார்கள்?

பள்ளிக்கூடத்தில் ‘முட்டிபோடு’ தண்டனை. மேடையில் ‘மண்டியிட்டான்’ என்றால் தோற்றான். யானையும் ஒட்டகமும் மண்டியிடும், ஏறுகிறவனுக்காக. இவற்றை ஒதுக்கி, அவமானம் ஒட்டாத ஒரு நீண்ட சொல்லைப் பிரார்த்தனைக்கென்று வைத்துக்கொண்டார்களே, அந்த விவேகம் மொழிபெயர்ப்புக் கவிதை எழுதுகிற நம்மிடம் இல்லை. ஆங்கிலத்தில் பிரார்த்திக்கிறவனும் சரணடைகிறவனும் ஒரே வினைக்குள் அடங்குவார்கள். நாம் இருவருக்கும் ‘மண்டியிட்டு’ என்று எழுதிவிடுகிறோம். தேவனுக்கு முன்னால் இருப்பவனிடம் போர்க்களத்தில் தோற்றவனின் வாடை அடிக்கிறது. ‘முழந்தாட்படியிட்டு’ வரியை அடைத்துக்கொள்கிறது என்பார்கள். அடைக்கட்டும்.